கடை சாத்தும் நேரம்

சிட்னியின் கிங்ஸ் கிராஸ், பப்புகளுக்கும் இரவு விடுதிகளுக்கும் பேர்போன இடமாக இருந்தது. அங்கே வெவ்வேறு சம்பவங்களில், தெருவில் வாங்கிய ஒற்றைக் குத்தால் இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். ஊர் கொதித்தது. 2014 பிப்ரவரியில் கட்டுப்பாடு வந்தது: அங்கும் நகர மையத்திலும் இரவு 1.30-க்குப் பிறகு புதிதாக யாரையும் உள்ளே விடக் கூடாது; இதுதான் கதவடைப்பு. 3 மணிக்கு மேல் மது ஊற்றக் கூடாது. பியர்மான்ட் பகுதியின் சூதாட்ட விடுதிக்கு இது பொருந்தவில்லை. ஏழை பப்புக்கு ஒரு சட்டம், பணக்கார விடுதிக்கு ஒரு சட்டமா என்று ஊரே கேட்டது, நியாயமான கேள்விதான்.

பலன் இருந்ததா? மாநிலக் குற்றப் புள்ளிவிவரப் பிரிவு 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, தாக்குதல்கள் கிங்ஸ் கிராஸில் 49 சதவீதமும் நகர மையத்தில் 13 சதவீதமும் குறைந்தன. அருகிலுள்ள பகுதிகளில் 12, சற்றுத் தள்ளியவற்றில் 17 சதவீதம் கூடின. அடிதடி இடம் மாறியது, அவ்வளவுதான் என்றார்கள் எதிர்த்தவர்கள். சதவீதத்தை விட்டுத் தலையை எண்ணிப் பார்த்தால், கூடியதைவிடக் குறைந்ததே அதிகம். கூட்டமே வராத தெருவில் யார் யாரை அடிப்பார்கள் என்பது இன்னொரு வாதம், இதைவிட வலுவானது. கூட்டம் குறைந்தது உண்மை; கடைக்காரர்களும் இசைக் கலைஞர்களும் பிழைப்பை இழந்ததும் உண்மை. அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் இரண்டு கட்டுப்பாடுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடைபோட்டதுதான் பிழை. மெல்போர்னில் 2008-இல் கதவடைப்பை மட்டும் 3 மாதம் சோதித்தார்கள்; அது நிரந்தரமாகவில்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 14 பப்புகளின் சாத்தும் நேரத்தையே முன்னுக்கு இழுத்தார்கள். கதவடைப்பும் கூட இருந்தது. கட்டுப்பாடு இல்லாத பக்கத்து ஹாமில்டனோடு ஒப்பிட, இரவுத் தாக்குதல்கள் 37 சதவீதம் குறைந்தன. நார்வேயின் 18 நகரங்களில் மது விடுதிகள் சாத்தும் நேரம் 1 மணி நேரம் மாறினாலே வார இறுதி இரவுகளின் தாக்குதல் சுமார் 16 சதவீதம் மாறியது. காரணம் எளிது. 1.30-க்குக் கதவை அடைத்தாலும் உள்ளே இருப்பவர் குடித்துக்கொண்டேதான் இருக்கிறார். கடை சாத்தினால்தான் கிளாஸ் கீழே இறங்குகிறது.

சிட்னி நகர மையத்தில் 2020-இல் கதவடைப்பை எடுத்தார்கள். அதோடு கடைசி மதுவுக்கான நேரத்தையும் அரை மணி தள்ளி வைத்தார்கள். முதலாவதை எடுத்ததில் எனக்குக் குறையில்லை. இரண்டாவதைத் தொடாமல் விட்டிருக்கலாம்.