மீன் தடாகமும் நுளம்புப் பெருக்கமும்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



வீட்டுத் தோட்டத்தில் மீன் தடாகம் அமைத்திருப்போர் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தடாகத்தினாலேயே நுளம்பு பெருகுகின்றதென அயலார் குறை கூறுகின்றனர். இதனை மண்ணிட்டு மூடிவிடலாமா?" என்பதே அது. இக்கேள்வியை நாம் அலட்சியஞ் செய்தலாகாது. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் எமது நாட்டில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். நானூறு பேருக்கு மேல் மாண்டனர். பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தாய் தடாகத்தைக் கண்டு அஞ்சுவாளாயின், அவ்வச்சம் நியாயமானதே.

எனினும், கேள்விக்குரிய விடை ஒன்றன்று, இரண்டாகும். மீனுள்ள, பேணப்படும் தடாகம் நுளம்புக்குப் பொறியாகும். மீனற்ற, கைவிடப்பட்ட தடாகம் நுளம்புக்குத் தொட்டிலாகும். உங்கள் தடாகம் இவ்விரண்டில் எது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

நுளம்பு வேறு, கொசு வேறு

மாலை வேளையில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் சிறு பூச்சிகள் எல்லாம் நுளம்புகளல்ல. தடாகத்தின் அடிச்சேற்றில் வாழும் சிவந்த புழுக்களிலிருந்து தோன்றும் கொசுக்கள் மனிதரைக் கடிப்பதில்லை, நோய் பரப்புவதுமில்லை. அப்புழுக்களின் செந்நிறம், எமது குருதியில் உள்ளதைப் போன்ற ஈமோகுளோபின் அவற்றிலும் இருப்பதால் ஏற்படுவது. மீன்களுக்கு அவை சிறந்த உணவாகும். இக்கொசுக்கள் தொல்லை தரும் அளவுக்குப் பெருகினால், அடியில் சேறும் உணவு மீதியும் மிகுந்துவிட்டன என்பதே பொருள். சேற்றை வாரி எடுத்துத் தோட்டப் பயிர்களுக்குப் பசளையாக இடுக. தடாகத்தருகே இரவில் விளக்கெரிப்பதையும் குறைத்துக்கொள்க.

கொசுவினத்தில் நன்மை செய்வனவும் உள. மாத்தளை, கண்டிப் பகுதிகளில் கொக்கோ பயிரிடுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று. கொக்கோப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வன, உக்கும் இலைகுழைகளிடையே வளரும் மிகச் சிறிய கொசுக்களே. ஆகவே பறப்பன அனைத்தையும் நஞ்சிட்டுக் கொல்ல முற்படுவது அறிவுடைமையாகாது.

நுளம்பின் வாழ்க்கை

நுளம்பின் முட்டையிலிருந்து குடம்பி வெளிவந்து, கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்துப் பறப்பதற்கு எமது நாட்டு வெப்பநிலையில் ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் செல்லும். இக்காலம் முழுவதும் அதற்கு நீர் இன்றியமையாதது. டெங்கு பரப்பும் நுளம்போ, முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் இடும். அம்முட்டைகள் காய்ந்தும் பல மாதங்கள் உயிருடன் கிடந்து, மாரி மழை வந்து நீர் உயர்ந்ததும் பொரிக்கும். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே.

தடாகத்தைச் சோதித்தல்

வெண்ணிறக் கோப்பையொன்றினால் தடாகத்தின் கரையோரத்திலும், செடிகளின் இடையிலும், நிழலான மூலைகளிலும் நீரை மெல்ல மொண்டு பாருங்கள். துள்ளி நெளியும் சிறு குடம்பிகளோ, காற்புள்ளி வடிவான கூட்டுப்புழுக்களோ தென்படின், மீன் சென்றடையாத இடம் அங்கே உள்ளது என்று அறிக. ஒன்றும் தென்படாவிடின் தடாகம் தன் கடமையைச் செய்கின்றது.

செய்யவேண்டியவை

ஒன்று: கப்பி போன்ற, நீரின் மேற்பரப்பில் இரைதேடும் சிறு மீன்களை வளர்த்தல் வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு 5 முதல் 10 மீன்கள் பொதுவாகப் போதும். பின்னர் அவை தாமே பெருகும். தலையுச்சியில் வெண்பொட்டுடன் எமது நீர்நிலைகளில் வாழும் சிறு உள்நாட்டு மீனும் இப்பணிக்கு ஏற்றதே. குளோரீன் கலந்த குழாய் நீராயின், அதனை ஒரு நாளேனும் திறந்த பாத்திரத்தில் வைத்த பின்னரே மீனை விடுக. வெளிநாட்டு மீன்களை ஆற்றிலோ குளத்திலோ விடுதல் கூடாது. அவை அங்குள்ள உள்நாட்டு மீனினங்களுக்குக் கேடு விளைக்கும்.

இரண்டு: மீனுக்கு அளவுக்கு மிஞ்சித் தீனி இடற்க. புண்ணாக்கும் சோறும் நிறையக் கிடைக்கும் மீன் குடம்பியை நாடாது. எஞ்சிய தீனி அழுகி நீரைக் கெடுக்கும். அழுக்கு நீரோ, யானைக்கால் நோயைப் பரப்பவல்ல நுளம்புக்கு விருப்பமான இடமாகும்.

மூன்று: கரையைச் செங்குத்தாக அமைத்து, புற்களை அகற்றுக. ஆழங்குறைந்த ஓரத்தில் மீன் நுழையாது. குடம்பி அங்கேயே ஒளிந்து வாழும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள சீமெந்துச் சுவரை வாரந்தோறும் தென்னந்தும்பினால் தேய்த்துக் கழுவுக.

நான்கு: ஆகாயத்தாமரையைத் தடாகத்தில் வளரவிடாதீர்கள். மன்சோனியா என்னும் நுளம்பின் குடம்பி அதன் வேரைத் துளைத்து, அதனுள்ளிருந்தே காற்றைப் பெற்றுக்கொள்ளும். சுவாசிப்பதற்காக மேற்பரப்புக்கு அது வருவதில்லையாதலால் மீனின் வாயில் அகப்படுவது அரிது.

ஐந்து: மண்ணெண்ணெயோ கழிவெண்ணெயோ மீன் தடாகத்தில் ஊற்றற்க. எண்ணெய்ப் படலம் குடம்பியைக் கொல்வது உண்மையே. ஆயினும் நீருக்குக் காற்றுச் செல்வதைத் தடுத்து மீனையும் வருத்தும். அவசியம் நேரின், பசிலசு துரிஞ்சியென்சிசு இசுரேலென்சிசு என்னும் பற்றீரியாவினாலான மருந்தைச் சுகாதார அலுவலரின் ஆலோசனைப்படி இடலாம். அது குடம்பியைக் கொல்லும். மீனுக்குத் தீங்கு செய்யாது.

பயிர் மருந்தால் நேரும் கேடு

மிளகாய்க்கும் கத்தரிக்கும் தெளிக்கும் பூச்சிநாசினிகளுட் பல மீனுக்குக் கொடிய நஞ்சாகும். காற்றில் அடித்துச்செல்லப்படும் சிறு துளிகளும், தெளிகருவியைத் தடாக நீரில் அலசுவதும் மீன்களை அழிக்கப் போதுமானவை. மீன் இறந்தபின், நஞ்சின் வேகம் தணிந்ததும் நுளம்பு வந்து முட்டையிடும். ஏறக்குறைய பத்து நாட்களில் வளவெங்கும் நுளம்பு நிறையும். அப்பொழுது பழி தடாகத்தின் மேல் விழும். குற்றமோ தெளித்த கையினுடையது. ஆகவே தெளிக்கும் நாளில் தடாகத்தை மூடுக. காற்று அப்பக்கமாக வீசும்போது தெளியற்க.

தடாகத்துக்கு அப்பால்

தடாகத்தைச் சீர்செய்தபின் வளவைச் சுற்றி வாருங்கள். சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, சருகு அடைத்த பீலி, வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை ஆகியவற்றில் தேங்கும் நீரில் மீன் இல்லை. டெங்கு நுளம்பு பெரும்பாலும் பிறப்பது இத்தகைய இடங்களிலேயே. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து இவற்றைக் கவிழ்த்தும், மூடியும், மண்ணிட்டு நிரப்பியும் வருவீர்களாயின், முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு முன்பே அதன் வாழ்வு முடியும். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருத்தல், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

1934, 1935 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டை வருத்திய மலேரியாக் கொள்ளைநோயை நினைத்துப் பாருங்கள். மழை பொய்த்ததனால் ஆறுகள் ஓட்டமிழந்து, மணற்படுக்கையில் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. ஏறக்குறைய 80,000 உயிர்கள் பலியாயின. பின்னர் 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென எண்ணிக் காவலைத் தளர்த்தினோம். 1968, 1969 ஆம் ஆண்டுகளில் அது இலட்சக்கணக்கானோரைத் தாக்கித் திரும்பியது. நீண்ட முயற்சியின் பயனாக 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரவல்ல அனோபிலிசு இசுரெபென்சி என்னும் புதிய மலேரியா நுளம்பு மன்னாரில் காணப்பட்டது. ஆகவே, தோட்டக் கிணற்றுக்கு வலையிடுங்கள். இறைப்புத் தொட்டியை மூடுங்கள். அன்றேல் வாரமொருமுறை வற்றவிட்டுக் கழுவுங்கள். கிணற்றில் மீன் விட விரும்புவோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுச் செய்வாராக.

முடிவாக, தடாகத்தை மூடலாமா என்ற கேள்விக்கு வருவோம். வாரத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கென ஒதுக்க இயலாதவர் தயங்காது மூடிவிடுக. அது அயலாருக்குச் செய்யும் நன்மையாகும். ஒதுக்க இயன்றவர் மூடவேண்டியதில்லை. அவருடைய மீன்கள் நாள்தோறும் அயலாருக்காகவும் உழைக்கும். சத்து மிகுந்த அத்தடாக நீர் அவருடைய கத்தரிக்கும் வெண்டிக்கும் பயன்படும்.