வோல்டா ஆறும் கெய்சர் கம்பெனியும்



அன்னிய மூலதனம் வரலாமா, கூடாதா என்று இரு தரப்பார் ஓயாமல் வாதிடுகின்றனர். எந்த நிபந்தனையோடு வருகிறது என்று கேட்பாரைத்தான் காணோம்! கானா நாட்டின் கதையைக் கேளுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில், 1957இல் விடுதலை பெற்ற நாடு அது. கொக்கோ விற்றுப் பிழைத்தது. விலை குறிப்பதோ இலண்டன், நியூயார்க் சந்தைகள். இந்நிலை மாறவேண்டுமென விரும்பினார் குவாமி நிக்ருமா. மண்ணிலே பாக்சைட் இருக்கிறது. வோல்டா ஆறு ஓடுகிறது. ஆற்றைத் தடுத்தால் மின்சாரம், மின்சாரத்தால் அலுமினியம். கணக்கு சரியானதுதான்.

அகோசோம்போவில் அணை எழுந்தது. செலவில் பாதியைக் கானாவே தந்தது. மீதிக்கு உலக வங்கியும், அமெரிக்காவும், பிரிட்டனும் கடன் கொடுத்தன. ஏறத்தாழ 80,000 மக்கள் வீடு வாசலைத் துறந்து வெளியேறினர். அவர்தம் ஊர்கள் இருந்த இடம் இன்று நீர்ப்பரப்பு. ஏரியின் பரப்பு சுமார் 8,500 சதுர கிலோமீட்டர்!

மின்சாரத்தை வாங்க வந்தவர் யார்? அமெரிக்காவின் கெய்சர் கம்பெனி. பத்தில் ஒரு பங்குக்கு ரெனால்ட்ஸைச் சேர்த்துக்கொண்டு, தேமாவில் உருக்காலை அமைத்தது. மின்சாரமோ மிக மலிவான விலையில், நீண்டகால ஒப்பந்தத்தில்! சரி, ஆலைக்கு வேண்டிய அலுமினா? அது கடல் கடந்து வந்தது. அவாசோவில் வெட்டிய கானாவின் பாக்சைட், தக்கோராடித் துறைமுகத்திலே வெறும் மண்ணாகவே கப்பலேறிற்று. ஒரு துறைமுகத்தில் மண் ஏறுகிறது. மற்றொன்றில் அலுமினா இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே இருந்த இலாபம் எவர் பையில் விழுந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

நிக்ருமா அறியாதவரா? புதிய காலனியாதிக்கத்தைப் பற்றி 1965இல் நூலே எழுதியவர்! ஆனால், மின்சாரத்தை வாங்குவோர் உறுதி கூறினாலன்றி அணைக்குக் கடன் பிறவாது. வாங்கக்கூடிய பெருநிறுவனமோ ஒன்றே. பேரம் பேச என்ன மிச்சம்? 1966 ஜனவரியில் அணையைத் திறந்துவைத்தார். பிப்ரவரியில் இராணுவம் அவரைக் கவிழ்த்தது.

அணை வீண் என்று கூறமாட்டேன். அதன் மின்சாரம் கானாவில் விளக்கேற்றியது. டோகோவுக்கும் பெனினுக்கும் சென்றது. 1985இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, ஆலை தரும் மின்கட்டணமும் உயர்ந்தது. 2004இல் கெய்சரின் பங்கையே அரசு வாங்கிற்று. ஆலை கைக்கு வந்தது. பாக்சைட்டை அலுமினாவாக்கும் தொழிற்சாலையோ அப்போதும் கானாவில் இல்லை.