கலைமணி என்னும் சுப்பு

சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனத்தையும் திருவாரூர் மோகனாவின் சதங்கையையும் அறியாதார் இக்காவிரிக் கரையில் இலர். அவ்விருவரையும் படைத்தவர் யாரெனக் கேட்டால் விடை தடுமாறும்.

கொத்தமங்கலம் சுப்பு (1910–1974) தாமே திரைப்பட இயக்குநர். 'மிஸ் மாலினி' (1947), 'ஔவையார்' (1953) ஆகியன அவர் இயக்கியவை. பின்னதை வாசன் படமென்றே உலகம் போற்றியது. 'தில்லானா மோகனாம்பாள்' நாவலையோ ஆனந்த விகடனில் 'கலைமணி' என்ற புனைபெயரில் எழுதினார். கோபுலு படம் வரைந்தார். 1968இல் அதனைத் திரைக்குக் கொணர்ந்தவர் ஏ.பி. நாகராசன். அப்படத்தின் புகழில் நாவலாசிரியர் மூன்றாம் முறையும் மறைந்தார்!

படம் சிறந்ததே, மறுப்பதற்கில்லை. ஆயினும் கோயில் விழாக்களை நம்பி ஊர் ஊராய்ச் சென்ற மேளக்காரர்தம் மானமும் பிணக்கும் நாவலில்தான் விரிந்து கிடக்கின்றன. திரையில் ஒலித்த நாதசுரம்கூட மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. தஞ்சை மேளத்தைக் கேட்க, சுப்புவின் பக்கங்களையே புரட்டவேண்டும்.