வகுப்பறைக் காற்று: கருத்தரங்கத் தலைமை உரை

மருத்துவர்கள், தலைமையாசிரியர்கள், கட்டடப் பொறியாளர்கள் என மூன்று தரப்பாரும் இன்று ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். பள்ளியில் சளியும் காய்ச்சலும் பரவுவதைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றாம் தரப்பாரை நாம் கூப்பிடுவதே இல்லை. இந்த முறை கூப்பிட்ட அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

1974-ல் நியூயார்க் மாநிலத்தில், ஒரு புறநகர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குத் தட்டம்மை கண்டது. அவளிடமிருந்து 28 பிள்ளைகளுக்குத் தொற்றியது. அந்த 28 பேரும் 14 வகுப்பறைகளில் சிதறிக் கிடந்தவர்கள். பலர் அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. பள்ளியில் 97 சதவீதம் பேர் தடுப்பூசி போட்டவர்கள். போடாமல் இருந்திருந்தால் நிலைமை எங்கே போய் நின்றிருக்குமோ! ரிச்சர்ட் ரைலி குழுவினர் 1978-ல் வெளியிட்ட ஆய்வு, குற்றவாளி யாரென்று காட்டியது. ஓர் அறையின் காற்றை உறிஞ்சி, அதையே மற்ற அறைகளுக்கும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காற்றோட்டக் குழாய்கள்தான் அது. பூஜை அறையில் போட்ட சாம்பிராணி அடுப்படி வரைக்கும் மணக்கிறதல்லவா, அப்படித்தான் போயிருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும், 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது. பிறகு மாற்றிக்கொண்டது. அதற்குள் நாம் பெஞ்சைத் துடைத்து, வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டிப் பழகிவிட்டோம். கை கழுவுவதை நான் குறை சொல்லவில்லை. வயிற்றுப்போக்கைத் தடுக்க அது நல்ல வழி. ஆனால் சோப்பு வாங்கிவிட்டதாலேயே சுவாசத் தொற்றுக்கும் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோமே, அதுதான் சிக்கல்.

இத்தாலியின் மார்க்கே மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பறைகளைக் கணக்கில் எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. இயந்திரக் காற்றோட்டம் இருந்தவை அவற்றில் 316 மட்டுமே. ஒரு மாணவருக்கு நொடிக்குப் பத்து லிட்டருக்கு மேல் புதுக்காற்று கிடைத்த அறைகளில், இயந்திரக் காற்றோட்டம் இல்லாத அறைகளைவிட, கொரோனா தொற்று 80 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. இது சோதனை அல்ல, கண்காணிப்பு ஆய்வுதான். நல்ல கட்டடம் உள்ள பள்ளிக்கு வேறு வசதிகளும் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய எண் அல்ல.

நம் வகுப்பறைக்கு வருவோம். ஜன்னல் இருக்கிறது, அதை மறைத்துப் பழைய பீரோ ஒன்றும் நிற்கிறது. கொக்கி துருப்பிடித்திருக்கும். மழைச் சாரல் என்று ஐப்பசியில் சாத்தியதைத் தை வரை யாரும் திறப்பதில்லை. சென்னையில் ஃப்ளூ தலைதூக்குவதும் ஏறத்தாழ அதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். மேலே மின்விசிறி சுழல்கிறதே என்பார்கள். அது உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர, மாற்றாது. இப்போது பெருமையோடு கட்டப்படும் குளிர்சாதன வகுப்பறைகள் எனக்கு இன்னும் அதிகக் கவலை தருகின்றன. சுவர்ப்பெட்டி ஏசி பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே விடுவதே இல்லை.

கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்று போதும், அறையின் நிலை தெரிந்துவிடும். வெளியே பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருப்பது, நாற்பது பிள்ளைகள் அடைந்து உட்கார்ந்த அறையில் விறுவிறுவென ஏறும். ஆயிரத்தைத் தாண்டினால் ஜன்னலைத் திற என்று ஆசிரியருக்குச் சொல்ல வேறு ஆள் தேவையில்லை.

அறையோடு விஷயம் முடிவதில்லை. ஃபிலடெல்ஃபியா பகுதிப் பள்ளிகளில் ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் கிருமி கொல்லும் புற ஊதா விளக்குகள் பொருத்தி, 1941 தட்டம்மை அலையில் நல்ல பலன் கண்டார். பிற்பாடு வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. வகுப்பில் விளக்கு இருந்தது; பள்ளிப் பேருந்தில் இல்லை. நம் பிள்ளைகள் திணிக்கப்பட்டுப் போகும் வேனையும் ஆட்டோவையும் மதியம் நடக்கும் மூன்றாம் அமர்வு எடுத்துக்கொள்கிறது. அங்கே கொஞ்சம் கோபமாகவே பேசுங்கள்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பரிசு தருகிறோம். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கும் அந்தப் பரிசு போகிறது. அதை இந்த ஆண்டே நிறுத்திவிட முடியுமா என்று யோசியுங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு ஏதும் வேண்டாம்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.