ஆளுக்கொரு வெள்ளி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே அமையவிருந்த இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று போராடினார் ‘தமிழ் முரசு’ கோ. சாரங்கபாணி அவர்கள். “தமிழ் எங்கள் உயிர்” என்று நிதி திரட்டினார். அவர் கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளிதான். பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத தொழிலாளிகளும் கொடுத்தார்கள். 1956-இல் துறை வந்தது. அந்த நிதி தமிழ் நூலகத்துக்கு உதவியது. பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது. இன்றும் நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

“அது பெரிய விஷயம் சார், சிம்பாங் அம்பாட்டுல நாம என்ன செய்யறது?” என்பீர்கள்.

பெரிய அறநிதிகள் பாரம் கேட்கும், சம்பளச் சீட்டுக் கேட்கும். நாடு முழுவதற்கும் கொடுப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளை பஸ் காசுக்கும் சப்பாத்துக்கும் அல்லவா நின்றுவிடுகிறது! பதில் வருகிற வரைக்கும் அது காத்திருக்குமா? கோயில் கமிட்டியோ பெற்றோர் சங்கமோ வைத்திருக்கும் சிறு நிதிக்கு அந்தப் பிள்ளையின் அப்பாவைத் தெரியும். அடைமழையில் பால்மரம் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்ததும் தெரியும். சாயங்காலம் சொன்னால் காலையில் காசு கைக்கு வந்துவிடும்.

ஒரு சங்கடம் உண்டு. கணக்குப் பார்க்கிறவர் ஊர் மாறிப்போனால் நிதியும் படுத்துவிடும். ஆகவே இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்; மாதாமாதம் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். உதவி பெற்ற பிள்ளையின் பெயரை மட்டும் மேடையில் வாசிக்கவே கூடாதுங்க.

நம் பள்ளிக்கு இப்படியொரு நிதி இன்னும் இல்லை. விழா முடிந்ததும் வாசல் மேசையில் ரசீதுப் புத்தகம் இருக்கும். ஆளுக்கொரு வெள்ளி போதும்.