அவசர வண்டியில் நம் பிள்ளை எங்கே இருக்க வேண்டும்?

(பன்வில பிரதேச தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கப் பிரதிநிதிகள் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தில் சம்பளப் பிரச்சினை இருக்கிறது, வீட்டுக் காணிப் பிரச்சினை இருக்கிறது. அவற்றுக்கு நடுவே நான் பேசப்போவது சின்ன விஷயம் போலத் தெரியும். நோயோ காயமோ வந்த பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது, அந்தப் பிள்ளை வண்டிக்குள் எங்கே, எப்படி இருக்கிறது? இதுதான் என் கேள்வி.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். "ராத்திரியில வருத்தம் வந்தா எதில போவீங்க?" ஒரு பிள்ளை ஆட்டோ என்றது, இன்னொன்று தோட்டத்து லொறி என்றது, சில பிள்ளைகள் 1990 என்றார்கள். "வண்டிக்குள்ள எங்க இருப்பீங்க?" என்று கேட்டபோது எல்லோருக்கும் ஒரே பதில்: "அம்மா மடியில."

அம்மா மடியை விடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். வீட்டில் அது உண்மை. ஓடுகிற வண்டியில் அது உண்மை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் நம்முடைய மலைப் பாதையில் ஒரு சாதாரண வேகம். அந்த வேகத்தில் போகும் வண்டி மதிலில் மோதி நின்றால், உள்ளே இருப்பவருக்கு விழும் அடி 20 அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். லயக் கூரையை விட உயரம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தையை மடியில் வைத்திருக்கிறீர்கள். வண்டி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அந்தக் கணத்தில் குழந்தை உங்கள் கையை இழுக்கும் பலம் 120 கிலோவுக்கு மேல். கொழுந்துச் சாக்கு தூக்கிப் பழகிய கைதான். ஆனால் யாரும் சொல்லாமல், கண் இமைக்கும் நேரத்தில் 120 கிலோவைப் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும், எந்தத் தகப்பனாலும் முடியாது. பிள்ளை கையை விட்டுப் பறந்துவிடும். அம்மாவும் பெல்ட் போடாமல் இருந்தால், அவரே பிள்ளையின் மேல் விழுவார்.

2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் ஒரு தாய் தன் கைக்குழந்தையை அணைத்துக் காத்து, பிள்ளை பிழைக்க, தான் உயிர் விட்டார். அந்தச் செய்தியைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. "பார்த்தீங்களா, தாயின் கை காப்பாற்றியதே" என்று என்னிடமே சிலர் சொன்னார்கள். அந்தத் தாயை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு தாய் செத்துத்தான் பிள்ளையைக் காக்க வேண்டும் என்ற நிலையை நாம் முறையாக ஏற்றுக்கொள்ள முடியுமா? இரண்டு உயிரும் பிழைக்க வழி இருக்கிறது என்றால் அதைக் கேட்டு வாங்குவதுதான் சங்கத்தின் வேலை.

சரி, வழி என்ன? ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்போம்.

முதலாவது, 1990 சுவசெரிய. இந்திய அரசின் உதவியோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இது. 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. ஒரு சதமும் வாங்குவதில்லை. பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியிலேயே வருகிறார். அந்த வண்டியில் மூன்று விதமான பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

நோயாளிப் பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளை ஸ்ட்ரெச்சரில் இருக்க வேண்டும். இடுப்புக்கும் காலுக்கும் மட்டும் பட்டி போட்டால் போதாது. இரண்டு தோள் மேலாகவும் பட்டி வர வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது பிள்ளை தலைப்பக்கமாக வழுக்கி வெளியே போய்விடும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2012இல் அம்பியூலன்ஸ்களில் பிள்ளைகளைக் கொண்டுபோவது பற்றி வெளியிட்ட வழிகாட்டலிலும் இதுதான் சொல்லப்பட்டிருக்கிறது.

பிறந்த குழந்தை இரண்டாவது. வழியிலேயே பிரசவம் நடப்பது நமக்குப் புதிதல்ல. தாயும் சேயும் தனித்தனியாகப் பிணைக்கப்பட வேண்டும் என்பதுதான் சரியான முறை. தாய்க்கு ஸ்ட்ரெச்சர், சேய்க்கு அதற்கென்று உள்ள இருக்கை. அந்த வசதி இல்லாத வண்டியில் என்ன செய்வது என்பதை உதவியாளரே தீர்மானிக்கட்டும். ஆனால் ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: தாயின் பெல்ட்டைப் பிள்ளைக்கும் சேர்த்துப் போட வேண்டாம். மோதினால் தாயின் முழு எடையும் குழந்தையை நசுக்கும்.

மூன்றாவது, நோயில்லாத பிள்ளை. இதுதான் நம்முடைய பெரிய பிரச்சினை. புருஷன் கொழும்பில் வேலை. வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. சின்னவனுக்குக் காய்ச்சல், ஐந்து வயதுப் பெரியவளை எங்கே விடுவது? அவளையும் தூக்கிக்கொண்டு தாய் வண்டியில் ஏறுகிறார். உள்ளே பக்கவாட்டு பெஞ்சில் பிள்ளை பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து வருகிறது. நோயில்லாத பிள்ளை அந்த வண்டியில் ஏறாமல் இருப்பதே நல்லது. வேறு வழியே இல்லை என்றால் முன்னோக்கியோ பின்னோக்கியோ உள்ள ஆசனத்தில் தனியாக, பெல்ட்டோடு இருக்க வேண்டும். பக்கவாட்டு பெஞ்ச் பிள்ளைகளுக்கு ஆகாது.

இரண்டாவது வண்டி, தோட்டத்து லொறியும் டிராக்டரும். 1990 வண்டி எல்லா டிவிசனுக்கும் வந்து சேர்வதில்லை. மேல் டிவிசன் பாதை எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் மெயின் ரோட்டு வரையாவது தோட்டத்து வண்டி தேவைப்படுகிறது. கொழுந்து ஏற்றிய அதே லொறியின் பின்னால், தகரத் தரையில், தாய் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். இனி இப்படி வேண்டாம். பிள்ளையும் தாயும் முன்னால், பெல்ட் உள்ள ஆசனத்தில். முன் ஆசனத்தில் பெல்ட் போடுவது இந்த நாட்டில் 2011 முதல் கட்டாயம்.

மூன்றாவது, ஆட்டோ. பின்னால் பெல்ட் கிடையாது, கதவும் கிடையாது. பிள்ளை நடுவில், இரண்டு பக்கமும் பெரியவர்கள். சாரதிக்குப் பக்கத்தில் பிள்ளையை வைக்கவே கூடாது. ஆட்டோக்காரத் தம்பியிடம் "சீக்கிரம் போங்க" என்று சொல்வதை நிறுத்துங்கள். "பார்த்துப் போங்க" என்று சொல்லுங்கள். பன்விலயிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது, வளைவுகளில் வேகமாகப் போய் மிச்சம் பிடிப்பது சில நிமிஷம்தான்.

நான்காவது, தீயணைப்பு வண்டியும் ஆமி லொறியும். லயம் தீப்பற்றினால் பத்துக் குடும்பம் ஒரே இரவில் தெருவுக்கு வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் எந்த வண்டி வந்தாலும் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறோம். மண் சரியும் இடத்திலிருந்து உயிரோடு வெளியே வருவதுதான் முதல் வேலை. அதில் தவறில்லை. ஆனால் ஆபத்தான இடத்தைத் தாண்டியதும் பிள்ளைகளை வானுக்கோ பஸ்ஸுக்கோ மாற்றுங்கள். தீயணைப்பு வண்டியின் ஆசனமும் பெல்ட்டும் பெரியவர்களின் உடம்புக்குச் செய்தவை. உள்ளே கனமான கருவிகளும் இருக்கும். ஆசனமும் பெல்ட்டும் இல்லாமல் அதன் மேலோ பின்படியிலோ எந்தப் பிள்ளையும் ஏறக் கூடாது. ஆமி லொறியில் வந்தால் பிள்ளைகள் சாரதிப் பக்கச் சுவரை ஒட்டி, தரையில் உட்கார வேண்டும். பின் கதவுப் பக்கம் பெரியவர்கள் இருக்க வேண்டும்.

இனி, யார் என்ன செய்ய வேண்டும்?

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, நோயாளிகளை ஏற்றும் ஒவ்வொரு தோட்ட வண்டியிலும் வேலை செய்யும் பெல்ட். இரண்டு, தோள் பட்டியோடு ஒரு ஸ்ட்ரெச்சர். மூன்று, தோட்டத்துக்கு ஒரு குழந்தை இருக்கையாவது பிள்ளை மடுவத்தில் அல்லது மருந்து கொடுக்கும் இடத்தில் வைத்திருப்பது. நான்கு, இரவில் யார் சாரதி, அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்று ஒவ்வொரு டிவிசனிலும் எழுதி ஒட்டுவது.

இது சலுகை இல்லை. நோய்ப்பட்ட தொழிலாளியைக் கவனித்து வைத்தியசாலைக்கு அனுப்பும் பொறுப்பை, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அனுப்புவது என்றால் உயிரோடு போய்ச் சேரும்படி அனுப்புவது என்றுதான் அர்த்தம்.

கமிட்டித் தலைவர்கள் செய்ய வேண்டியது: 1990க்கு அழைத்தால் வண்டி எந்த இடம் வரை வரும் என்று ஒவ்வொரு டிவிசனுக்கும் ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள். கோயிலடி, பாடசாலைச் சந்தி, கொழுந்து மடுவம், ஏதோ ஒன்று. அழைப்பவர் தோட்டத்தின் பெயர், டிவிசன், அந்த இடம் மூன்றையும் தடுமாறாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தீ என்றால் 110, அனர்த்தம் என்றால் 117. இந்த மூன்று இலக்கங்களையும் நான் என் வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

மாதர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். ராத்திரி எந்த நேரம் கதவைத் தட்டினாலும், நோயில்லாத பிள்ளையை வாங்கித் தன் பாயில் படுக்க வைக்கச் சம்மதிக்கும் இரண்டு அக்காமார் போதும். இதற்குப் பணம் தேவையில்லை, நிர்வாகத்தின் கையெழுத்தும் தேவையில்லை. நாளைக்கே தொடங்கலாம்.

குழந்தை இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தினால், விபத்தில் கைக்குழந்தைகள் இறப்பது பாதிக்கு மேல் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையில் நல்ல டாக்டர்மார் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பிள்ளையைப் பத்திரமாக ஒப்படைக்கும் வரை உள்ள தூரம் நம்முடைய பொறுப்பு.

நான் சொன்ன நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதி வந்திருக்கிறேன். அடுத்த மாதம் நிர்வாகத்தோடு பேசும்போது சம்பளக் கடிதத்தோடு இந்தக் கடிதமும் மேசையில் இருக்க வேண்டும். லயத்துக்கு இரண்டு அக்காமார் பெயர்ப் பட்டியலை இந்தக் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தாருங்கள். கொப்பியும் பேனையும் வாசலில் வைத்திருக்கிறேன்.