சம்பளச் சீட்டே நமது பாடப் புத்தகம்

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

முதியோர் கல்வியைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்று தலைவர் பணித்தார். கல்வியின் பெருமையைப் பற்றி நாங்கள் பேசப் போவதில்லை. அதைத் திருவிழா மேடைகளில் வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. கேட்டுக் கைதட்டிவிட்டுச் சம்பள நாளன்று பெருவிரலில் மை தடவிக்கொண்டவர்களும் நாம்தாம். ஆகவே, நம் இரவு வகுப்பு முன்பு ஏன் நின்று போயிற்று, இம்முறை அதை எப்படி நடத்தப் போகிறோம் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

நம் மூத்தவர்கள் சோம்பலால் எழுத்தறியாமல் போனவர்கள் அல்லர். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கப் பணித்தது. பள்ளியும் வந்தது. லயத்தின் கோடியில் ஓர் அறை, ஒரு கரும்பலகை. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். அதிலும் பெண் பிள்ளைக்குப் பத்து வயதானால் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிடுவாள். பையன் ஒட்டுப்பால் பொறுக்க அம்மாவோடு நிரைக்குப் போவான். அவர்கள் வளர்ந்த பின் அவர்களுக்கென்று யாரும் பள்ளி வைக்கவில்லை. 1961 முதல் கிராமப்புற வளர்ச்சி அமைச்சின் கீழ் முதியோர் வகுப்புகள் பெருமளவில் நடந்தன. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் கிராம வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் தோட்டத்து வேலிக்கு அப்பாலேயே நின்றுவிட்டன.

அந்நாளில் ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். கிராணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். ஐயா குளித்து, காப்பி குடித்து, மனம் வைத்து வெளியே வந்து படிப்பார். தங்கை கல்யாணம் நின்று போனதும், நிலத்தை அடகு வைத்ததும் முதலில் அவருக்குத் தெரியும், அடுத்து அவர் வீட்டம்மாவுக்குத் தெரியும், மறுநாள் பெரட்டில் எல்லோருக்கும் தெரியும். நல்ல கிராணிமாரும் இருந்தார்கள். அதை மறுப்பது நன்றி கெட்டதாகும். ஆயினும் நம் வீட்டுத் துக்கத்தை நாமே முதலில் அறிந்துகொள்ளும் உரிமைகூட இல்லாதிருந்தோம்.

கடிதத்தோடு போயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 1957 இல் நாடு சுதந்திரம் பெற்றபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பாரத்தை நிரப்ப வேண்டும், மலாய் மொழி ஓரளவு அறிந்திருக்க வேண்டும், பிறந்த தேதிக்கும் வந்த தேதிக்கும் சான்று காட்ட வேண்டும். சங்கத்தார் லயம் லயமாக ஏறி இறங்கிச் சொன்னார்கள். "இங்கேதானே இருக்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள்?" என்று இருந்துவிட்டவர்கள் ஏராளம். 1968 இல் இயற்றிய சட்டம் 1969 இல் நடைமுறைக்கு வந்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றபோதுதான் கேட்கப்பட்டது. பல்லாயிரவர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்து, பால் வெட்டிக் கை காய்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்கு எழுத்தறியாமை ஒன்றே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டத்தின் கடுமை பெரிது. ஆனால் அந்தப் பாரத்தைத் தாமே படித்திருந்தால் ஒரு பகுதியினராவது தப்பியிருப்பார்கள்.

இன்றைய நிலை வேறு. நம் தோட்டத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவர்கள் சிலரே. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தும் ஒரு பாரத்தை நிரப்பவோ, சம்பளச் சீட்டைச் சரிபார்க்கவோ முடியாதவர்கள்தாம் பலர். ஆறாம் வகுப்போடு நின்ற இளைஞர்களும் இதில் அடக்கம். கூச்சத்தால் அவர்கள் இதைச் சொல்லுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தொடங்கிய வகுப்புக்கு முதல் நாள் முப்பத்தொரு பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் நான்கு பேர். அன்று "இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று நாங்கள் எழுதி வைத்தோம். அந்தக் குறிப்பை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. ஐம்பது வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார வைத்தோம். அணில், ஆடு என்று பேரப்பிள்ளையின் புத்தகத்தைக் கையில் கொடுத்தோம். பேரனே ஜன்னலில் நின்று சிரித்தான். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் நிறுத்து, வீடு வந்து சமைத்துப் போட்டவரை இரவு ஒன்பது மணிக்கு வரச் சொன்னோம். உளி பிடித்துப் பழகிய கைக்கு மெல்லிய பென்சிலைக் கொடுத்து, கோணல் என்று கடிந்துகொண்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "எழுத்து மண்டையில் ஏறவில்லை" என்று நின்றுபோன ஒரு தாயாருக்குப் பிறகு மகள் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அவர் சொன்னது: "தம்பி, அன்றைக்குப் பலகையில் எழுத்து இருந்ததே எனக்குத் தெரியாது." நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. அதை மண்டைக் குறை என்று நாம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம்.

இம்முறை அணில், ஆடு கிடையாது. அவரவர் சம்பளச் சீட்டே பாடப் புத்தகம். முதல் வாரம் தம் பெயரைச் சீட்டில் கண்டுபிடிப்பது. அடுத்தது எண்கள். எண் தெரியாதவர் நம்மில் அநேகமாக இல்லை. காசை எண்ணத் தெரியாமல் யாரும் கடைக்குப் போவதில்லை. ஆகவே தெரிந்ததிலிருந்து தொடங்கலாம்.

பாலாக நிறுக்கும் தோட்டங்களில் கணக்கு இப்படி நடக்கிறது. வாளியிலுள்ள பாலை நிறுத்து, அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை என்று மெட்ரோலாக் போட்டுப் பார்க்கிறார்கள். 30 கிலோ பால், நூற்றுக்கு 33 என்றால் உலர்ந்த ரப்பர் 9 கிலோ 900 கிராம். அதே பாலுக்கு 30 என்று எழுதினால் 9 கிலோ. ஒரு நாளைக்கு 900 கிராம் பெரிதாகத் தோன்றாது. 24 நாள் வேலைக்குப் பெருக்கிப் பாருங்கள்: 21 கிலோ 600 கிராம். கிராணிமார் கோபித்துக்கொள்ளலாகாது. தவறு வேண்டுமென்று நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. மழை நாளில் பால் நீர்த்திருக்கும், மரத்துக்கு மரம் மாறும். இதெல்லாம் தெரியாததால்தான் பால் ஸ்டோர் வாசலில் வீண் சண்டை வருகிறது. தெரிந்தவன் சண்டை போடமாட்டான், கணக்குக் கேட்பான்.

பிறகு பிடித்தங்கள். சட்டம் அனுமதித்தவை தவிர வேறு பிடித்தம் கூடாது என்றும், சம்பள காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றும் 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்லுகிறது. ஊழியர் சேமநிதி 1951 இல் ஏற்பட்டபோது தொழிலாளிக்கு நூற்றுக்கு 5, முதலாளிக்கு 5 என்று தொடங்கிற்று. இப்போது 60 வயதுக்குட்பட்ட நம் பங்கு நூற்றுக்கு 11. அந்தப் பணம் கணக்கில் ஏறியதா என்பதை நாமே பார்க்க வேண்டும்.

சேமநிதியில் இன்னொரு காரியம் உண்டு. நமக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தோழர் தம் தாயார் பெயரைக் கொடுத்திருந்தார். தாயார் முன்னதாகவே காலமாகிவிட்டார். பெயர் கொடுக்கப்பட்டவர் முந்தி இறந்தால் அந்த நியமனம் செல்லாது என்பது அவருக்குத் தெரியாது. அவரும் போன பின் மனைவி பணத்துக்காக எத்தனை கதவு தட்டினார், எத்தனை நாள் வேலை இழந்தார் என்பதை அவரே இக்கூட்டத்தில் சொல்லுவதாக இருந்தார். காய்ச்சலாம், வர முடியவில்லை. ஒரு பக்கத் தாள்தான். அதை நிரப்பும் வரையில் வேறு பாடம் தொடங்குவதில்லை என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

தமிழா, மலாயா என்று குழுவிலேயே வாதம் எழுந்தது. பாரங்கள் மலாயில் இருக்கும்போது தமிழ் எதற்கு என்றார் ஓர் இளைஞர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் வாயில் இருக்கும் மொழியில்தான் எழுத்து விரைவில் பிடிபடும். முதலில் தமிழ், எழுத்தின் சூட்சுமம் தெரிந்தபின் 26 எழுத்துகள் பெரிய பாரமாக இரா. தமிழ் ஏற்கெனவே வாசிப்பவர்கள் நேரே மலாய் வகுப்புக்குப் போகலாம். பக்கத்து லயத்து இந்தோனேசிய, வங்காளதேசத்துத் தோழர்களும் சம்பளக் கணக்குப் பாடத்துக்கு வரலாம். அவர்கள் சீட்டும் நம் சீட்டைப் போன்றதே.

"இந்த வயதில் எங்களுக்கு எதற்கு?" என்போருக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். 1950களில் தமிழ் முரசு 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டது. தோட்டத்துப் பாட்டாளிகளும் கொடுத்தார்கள். தாம் ஒருநாளும் திறக்கப் போகாத புத்தகத்துக்குக் கொடுத்த அந்தக் கைகளுக்கு ஒரு சிலேட்டு கொடுக்க நாம் ஏன் இத்தனை காலம் தாமதித்தோம் என்பதே எங்கள் வருத்தம்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஓர் இரவு உங்களில் ஒருவர் வர வேண்டும். வாத்தியாராக அல்ல, சீட்டு எப்படித் தயாராகிறது என்று விளக்குபவராக. இருவர் ஏற்கெனவே இசைந்திருக்கிறார்கள். நிர்வாகத்துக்கும் முறையாகத் தெரிவித்திருக்கிறோம்.

வகுப்பு செவ்வாய், வியாழன் மாலை 5 மணி முதல் 6 மணி வரை, கோயில் மண்டபத்தில். பெஞ்சு இல்லை, பாய். சாக்கட்டியும் சிலேட்டும் கொடுக்கப்படும். கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்நேரம் பேரப்பிள்ளைகளுக்கு மண்டபத்தில் அனுமதி கிடையாது. முதல் நாள் சம்பளச் சீட்டையும், இருப்பவர்கள் மூக்குக்கண்ணாடியையும் கொண்டுவர வேண்டும். கண்ணாடி இல்லாதவர்களைப் பட்டணத்துக்கு அழைத்துப் போய்ப் பார்வை சோதிக்கக் கிளை நிதியிலிருந்து ஒதுக்கலாமா என்பது அடுத்த தீர்மானம்; அதற்குக் கை தூக்குங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலிலுள்ள மேசைக்குப் போகலாம். சொன்னால் போதும், எழுதிக்கொள்ள ஆள் உட்கார்ந்திருக்கிறார்.